84உம் 309உம்: வட சிலாங்கூர் தோட்டத்திலிருந்து ஓர் ஒப்பாய்வு

தமிழர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அவர்களை விசாரிக்கப்போகும் சட்டமும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. மெக்காலேயின் குழு வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றித்தான் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கிருந்து அது சிலாங்கூருக்கும் வந்தது. முக்கியமான பல பிரிவுகளின் எண்கள்கூட மாறவில்லை. 2024இல் இந்தியா புதிய சட்டத்துக்கு மாறும்வரை, சென்னையில் 84 என்றால் என்னவோ, கோலா சிலாங்கூரிலும் 84 அதுவாகவே இருந்தது. 309உம் அப்படியே.

இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் வேலை. தடயவியல் மனநல மருத்துவம் என்ற துறை முழுவதும் சட்டமும் நோயும் சந்திக்கும் இடத்தில்தான் நிற்கிறது. அந்தச் சந்திப்பு நம் தோட்டங்களில் எப்படி நடந்தது என்பதை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகக் காட்டக்கூடியது வேறொன்றுமில்லை.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று இன்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை என இந்த வட்டாரத்தின் ஏதோ ஒரு தோட்டம். ஒரே லயத்தில் இரண்டு ஆண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை மனிதர்கள்தாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இருவரையும் தெரியும். ஒருவருக்குச் சில மாதங்களாகக் காதில் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று உறுதியாக நம்புகிறார். பூசாரியிடம் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு ஒருநாள் பாராங்கத்தியோடு பக்கத்து வீட்டுப் படியேறிவிட்டார். மற்றவருக்குக் கடன், குடி, தூக்கமில்லாமை. யாரையும் அவர் தொடவில்லை. தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றிவிட்டார்கள்.

முதலாமவரை 84ஆவது பிரிவு எதிர்கொள்கிறது. மனநலம் குன்றிய நிலையில், தான் செய்யும் செயலின் தன்மையையோ அது தவறானது அல்லது சட்டத்துக்கு விரோதமானது என்பதையோ அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது என்பது அதன் சாரம். இதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1843இல் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். டோரிக் கட்சியினர் தன்னைத் துரத்தி வதைக்கிறார்கள் என்பது அவருடைய தீராத நம்பிக்கை. நீதிமன்றம் அவரைப் பைத்தியம் என்று சொல்லி விடுவித்தது, நாடு கொதித்தது, நீதிபதிகள் கூடி விதிகளை வகுத்தார்கள். அந்த விதிகளைத்தான் 84 சுருக்கமாகச் சொல்கிறது. செய்வினைக்குப் பயந்து கத்தி தூக்கிய தோட்டக்காரருக்கும் டோரிகளுக்குப் பயந்து சுட்ட மெக்நாட்டனுக்கும் நோயின் வடிவம் ஒன்றுதான். பயத்துக்குரிய எதிரியை மட்டும் அவரவர் ஊர் கொடுத்தது.

நடைமுறை இப்படிப் போகும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனநிலை குறித்து ஐயம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பும். ஒரு மாதத்துக்கு மிகாமல் அங்கே வைத்துக் கண்காணிப்பார்கள். சிலாங்கூர்க்காரருக்கு அது பெரும்பாலும் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்காகத் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்று ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. மருத்துவர் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: இவர் இப்போது வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா? சம்பவ நேரத்தில் இவர் மனம் எப்படி இருந்தது?

இரண்டாவது கேள்விக்கு விடை எழுதுவது எளிதன்று, அதுவும் நம்மவர் விஷயத்தில். மனநலப் பரிசோதனைக்கு ரத்தமும் எக்ஸ்ரேயும் கிடையாது, பேச்சுதான் பரிசோதனை. கேட்ட குரல் தமிழில் பேசியிருக்கும். பயம் குலதெய்வத்தின், செய்வினையின் மொழியில் இருக்கும். அறுபது வயது பால்வெட்டுத் தொழிலாளி அதை மலாயில் சொல்லும்போது பாதி உதிர்ந்துபோகும். சாமி வந்து ஆடுவது நோயா, வழக்கமா என்று பிரித்தறிய அந்த ஊர்த் திருவிழாவைப் பார்த்தவராக இருந்தால் நல்லது. ஒரு மனிதனின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் அறிக்கை இந்த அளவுக்கு மொழியைச் சார்ந்திருப்பது பற்றி நம் சமூகம் போதுமான அளவு பேசியதே இல்லை.

நீதிமன்றம் 84ஐ ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? விடுதலை என்றுதான் தீர்ப்பு வரும்; வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதே நடைமுறைச் சட்டத்தின் 348ஆவது பிரிவு குறுக்கே வரும். விடுவிக்கப்பட்டவரை மாநில ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை மனநல மருத்துவமனையில் பாதுகாப்பாக வைக்கலாம் என்கிறது அது. சிலாங்கூரில் ஆட்சியாளர் சுல்தான். இதுவும் பழைய ஆங்கிலச் சட்டம்தான்: 1800இல் ட்ரூரி லேன் நாடக அரங்கில் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சுட முயன்று, மனநலம் குன்றியவர் என்று விடுவிக்கப்பட்டபோது, அவரை உள்ளே வைப்பதற்காகவே நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. ஹாட்ஃபீல்ட் 1841இல் பெத்லெம் மருத்துவமனையிலேயே இறந்தார். மெக்நாட்டனும் 22 ஆண்டுகள் உள்ளிருந்து 1865இல் இறந்தார்.

இப்போது 309. 2023இல் நீக்கப்படும்வரை அது சொன்னது இது: தற்கொலைக்கு முயல்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 84 மனத்தைப் பற்றியே பேசுகிறது. 309 மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஏன் செய்தாய் என்று சட்டம் கேட்கவேயில்லை. வழக்கறிஞர் இருந்தால் தணிப்பு வாதத்தில் சொல்லலாம், அவ்வளவுதான். வழக்கறிஞர் இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார். அபராதம் கட்டுவார் அல்லது சிறைக்குப் போவார். மலேசிய நீதிமன்றங்கள் இப்படித் தீர்ப்பளித்த செய்திகளை அண்மைக் காலம்வரை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். கடனுக்காக உயிரை விடத் துணிந்தவரிடம் அபராதம் கேட்டால் அவர் இன்னொரு கடன்தான் வாங்குவார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது இதுதான். பிறரைத் தாக்கியவருக்கு மருத்துவம் உண்டு, திரும்பும் தேதி இல்லை. தன்னைத் தாக்கிக்கொண்டவருக்குத் திரும்பும் தேதி இருந்தது, மருத்துவம் இருக்கவில்லை. ஒருவரை நோயாளி என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அவரைக் காலவரையின்றி வைத்துக்கொண்டது. மற்றவரைக் குற்றவாளி என்று சொன்ன சட்டம் தண்டனை முடிந்ததும் அதே லயத்துக்கு, அதே கடனுக்கு, அதே தூக்கமில்லா இரவுக்கு அனுப்பிவைத்தது. இருவருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: வீட்டுக்கு அருகில் கிடைக்கும் சிகிச்சை. இரண்டு பிரிவுகளும் அதைக் கொடுக்கும்படி எழுதப்படவில்லை.

இரண்டாமவரின் கதையைப் புள்ளிவிவரமாகப் பார்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் டி. மணியம். 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்தது. வெளியில் சுற்றுலாத்தலம், உள்ளே தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும். அங்கே இந்தியர்களின் விகிதம் அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இருந்ததையும், விவசாய நஞ்சுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததன் பங்கையும் அவர் காட்டினார். கோலா சிலாங்கூர் கேமரன் மலையன்று. அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆனால் தொழில், குடியிருப்பு, களைக்கொல்லிக் கிடங்கு ஆகிய மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்த அமைப்பு இரண்டு இடங்களுக்கும் பொது.

அவருடைய 1995ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். 1966 முதல் 1990 வரையான மலேசிய மரணப் பதிவுகளை அவர் புரட்டினார். அதிகாரபூர்வத் தற்கொலை எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மகிழலாமா? அதே ஆண்டுகளில் காரணம் தீர்மானிக்கப்படாத வன்முறை மரணங்கள் என்ற இன்னொரு கட்டம் கூடிக்கொண்டே போனது. தற்கொலைகள் குறையவில்லை, வேறு கட்டத்தில் எழுதப்பட்டன என்பதே அவர் கண்ட முடிவு. மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் மரணத்தை மருத்துவர் பார்க்காமலேயே பதிவுசெய்ய இடமிருந்த நாடு இது. விவரம் சொல்வது குடும்பம்; எழுதிக்கொள்வது போலீஸ். முயற்சியே குற்றம் என்று சட்டம் சொன்ன ஊரில், வயிற்றுவலியில் போய்விட்டார் என்று குடும்பம் சொன்னால் யார் குறைசொல்ல முடியும்? 309 ஆட்களைத் தண்டித்ததோடு நிற்கவில்லை, கணக்கையும் மறைத்தது. கணக்கு இல்லாத நோய்க்கு யாரும் பட்ஜெட் ஒதுக்கமாட்டார்கள். கோலா சிலாங்கூருக்கோ உலு சிலாங்கூருக்கோ ஏன் முன்பே ஒரு மனநலக் குழு வரவில்லை என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது என்பது என் துணிபு.

2011இன் தேசிய உடல்நல ஆய்வு இதே கேள்வியை வீட்டு வாசலில் போய்க் கேட்டது. மணியமும் சகாக்களும் அதன் முடிவுகளை 2014இல் வெளியிட்டார்கள். பெரியவர்களில் 1.7 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. இந்தியர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எண்ணை இனத்தின் இயல்பாகப் படிக்கும் பழக்கம் இந்த நாட்டில் நீண்ட காலமாக உண்டு. 1893இல் சிங்கப்பூர் மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ், மலாய்க்காரரின் அமோக் பற்றி எழுதினார். கத்தியோடு ஓடும் மனிதனை அவன் இனத்தின் பெயரால் விளக்கும் எழுத்து மரபு அது. அதே மரபு பிஜித் தீவில் ஒப்பந்தத் தமிழரும் வட இந்தியரும் தற்கொலை செய்துகொண்டபோது, அவர்களுடைய பொறாமையும் உணர்ச்சிவசமும்தான் காரணம் என்றது. 1916இல் சி.எஃப். ஆண்ட்ரூசும் பியர்சனும் பிஜி அறிக்கையில் ஒப்பந்தமுறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். மணியத்தின் ஆய்வை ஆண்ட்ரூசின் வழியில் படிக்கவேண்டும். எல்லிசின் வழியில் படிக்கக்கூடாது. தமிழன் கோழை, தமிழன் குடிகாரன் என்று நம் வீட்டுக்குள்ளேயே புழங்கும் பேச்சு அந்தக் காலனிய எழுத்தின் எச்சம்.

குடி உண்மைதான். ஆனால் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது யார்? 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கள்ளுக்கடைகளை மூடு என்பது அதில் ஒன்று. தகுந்த மருத்துவ வசதி வேண்டும் என்பது இன்னொன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. துரை முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் பட்டியலில் இருந்தது. மனநலத் திட்டம் என்ற பெயர் அதற்கு இல்லை. இன்று ஒரு மனநல வல்லுநரைக் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டாலும் மது, மருத்துவம், உறவு, மரியாதை என்று இதே நான்கைத்தான் சொல்வார். அன்று அந்தக் கோரிக்கைக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச்சூடும் நாதனின் நாடுகடத்தலும்.

மருத்துவம் என்று தோட்டத்தில் இருந்தது டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர். காய்ச்சல், காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் அவரே. நெஞ்சு அடைக்குது, தலை கிறுகிறுங்குது, ராத்திரி உறக்கம் இல்ல என்று வருபவருக்கு மாத்திரையும் ஒருநாள் ஓய்வும் கொடுப்பார். நம் மக்கள் துயரத்தை உடம்பின் வழியாகச் சொல்பவர்கள். அதைப் படிக்க டிரெசருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரும்பிணி என்று தெரிந்தால் தஞ்சோங் ரம்புத்தான். நடுவில் ஒன்றுமில்லை.

இனி 348க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் 309 ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, 348 வரவில்லை. இலங்கை 1998இலேயே தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா 2017இன் மனநலச் சட்டத்தில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும் என்று எழுதியது. சிங்கப்பூர் 2020இல் நீக்கியது. மலேசிய மக்களவை 2023 மே மாதம் 309ஐ நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கூடவே மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. உயிரை விட முயல்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் அதிகாரம் போலீசோடு தீயணைப்பு, பொதுத் தற்காப்புத் துறையினருக்கும் வந்தது. நம் இரண்டாவது மனிதர் இன்று காப்பாற்றப்பட்டால் அவர் போகவேண்டிய இடம் மருத்துவமனை. இது பெரிய வெற்றி; இதற்காகப் பல ஆண்டுகள் பேசிய மருத்துவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முதல் மனிதர்? அவருக்கு எதுவும் மாறவில்லை. காலவரையில்லாத காவல் என்ன செய்யும் என்பதற்கு அசாமின் மசாங் லாலுங் சாட்சி. 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். 1967இல் மருத்துவமனை அவரைக் குணமானவர் என்று சொன்னது. அதற்குப் பிறகும் வழக்கு விசாரணையே இல்லாமல், கைதாகி 54 ஆண்டுகள் கழித்து 2005இல்தான் வெளியே வந்தார். அவர் விடுவிக்கப்பட்டவர்கூட அல்லர், விசாரணைக் கைதி. சட்ட நிலை வேறு. ஆனால் காரணம் ஒன்று: மறுபரிசீலனை செய்தே ஆகவேண்டிய தேதியை எந்தத் தாளும் சொல்லவில்லை.

மலேசியச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் குணமானவரை உறவினரிடம் ஒப்படைக்க வழி இருக்கிறது. உறவினர் முன்வந்து கேட்கவேண்டும். பார்த்துக்கொள்வேன், யாருக்கும் தீங்கு நேராது என்று உறுதி தரவேண்டும். அந்த வழியை எழுதியவர்கள் ஒரு வீடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். வட சிலாங்கூரில் அந்த வீடு எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்தில் இருக்கும்வரை வேலை, வேலை இருக்கும்வரை லயம் என்ற ஏற்பாட்டில், தோட்டம் கைமாறினால் கூரையும் போகும். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை இந்த வட்டாரம் அறியும். அங்கிருந்து 1990இல் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போன ஒருவர் இன்று குணமாகி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார். அம்மா இறந்திருப்பார், அண்ணன் எங்கோ அடுக்குமாடியில், மூன்று பிள்ளைகளோடு, இரண்டு அறையில். அந்த அண்ணனைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் அடிபட்டவரின் குடும்பமும் அதே அடுக்குமாடிக்கு மாறி வந்திருக்கலாம். அவர்களுடைய பயமும் நியாயமானது.

ஆகவே 309இல் செய்ததைப்போல ஒரு பிரிவை நீக்கினால் 348இன் சிக்கல் தீராது. இங்கே தேவை கட்டடமும் ஆளும். 2001இன் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது, 1952இன் பழைய சட்டத்தைக் கழித்துவிட்டு, சமூக மனநல மையங்களுக்கு இடம் தந்தது. மெந்தாரி என்ற பெயரில் அவை இயங்குகின்றன. மனநோய்க்கான தொடர் மருந்து அரசாங்க கிளினிக்குகளிலேயே கிடைக்கிறது. சுங்கை பூலோ மருத்துவமனை 2006 முதல் இயங்குகிறது. தஞ்சோங் காராங்கிலும் கோலா குபு பாருவிலும் மாவட்ட மருத்துவமனைகள் உள்ளன. தஞ்சோங் ரம்புத்தான்வரை போகவேண்டிய காலம் பெரும்பாலானோருக்கு முடிந்துவிட்டது. 348இல் வருபவருக்கு மட்டும் முடியவில்லை. அவருக்கு இடைத்தங்கல் இல்லம் வேண்டும், மாதம் ஒருமுறை வீடு தேடிவரும் தமிழ் பேசும் தாதி வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கட்டாய மறுபரிசீலனை வேண்டும். ஆட்சியாளரின் அதிகாரத்தை இது குறைக்காது. அந்த அதிகாரத்தின் முன் கோப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

நஞ்சைப் பற்றி ஒன்று. இலங்கையின் தற்கொலை விகிதம் 1995இல் லட்சத்துக்கு 47 வரை போனது. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள்; 2005இல் அது 24ஆகப் பாதியானது. ஆய்வாளர்கள் குன்னலும் எடில்ஸ்டனும் அவர்களுடைய இலங்கைச் சகாக்களும் இதை ஆண்டுவாரியாக நிறுவினார்கள். 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது பிந்தைய மதிப்பீடு. மனம் உடைந்த நேரத்தில் கைக்கு எட்டுவது கொல்லாத பொருளாக இருந்தால் மனிதர் பிழைக்கிறார்; பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். மலேசியா பாராக்குவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் தடைசெய்தது, 2006இல் தடையை விலக்கியது, 2020 ஜனவரியில்தான் மீண்டும் முழுமையாகத் தடைசெய்தது. மருந்தடிக்கும் பெண்களின் நோய்களைத் தெனகானித்தா அமைப்பு 2002இலேயே ஆவணப்படுத்தியிருந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் விலை கொடுத்தவர்கள் தோட்டத்து மக்கள். 

மணியத்தின் கேமரன் மலை ஆய்வைப்போல ஒன்று கோலா சிலாங்கூருக்கும் உலு சிலாங்கூருக்கும் வேண்டும். 309 போய்விட்டதால் குடும்பங்கள் இனி அச்சமின்றிப் பேசலாம். கேட்க ஆள் வரவேண்டும். மனநலம் படிக்கும் நம் இளைஞர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது உறக்கமின்றி, பேச்சின்றி ஒதுங்கிக்கொண்டிருந்தால் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இனி போலீஸ் வழக்கு வராது. பேசத் துணை வேண்டுமென்றால் அரசாங்கத்தின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929.